உழைச்செல்வாரும் கொள்ளைநோயும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக்கண் வள்ளுவனார் மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு உழைச்செல்வான் என்பானையும் ஒருங்கு வைத்து எண்ணினார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கலிலிருந்து மருந்தூட்டிப் பேணுவோனே உழைச்செல்வான். இக்காலத்து நாம் நர்ஸ் என்றும் செவிலியர் என்றும் அழைப்பது அன்னாரையே. நான்கனுள் ஒன்று குறையின் ஏனைய மூன்றும் நின்று பயனில என்பது இவ்வெண்ணு முறையாற் பெறப்படும். 2020-ஆம் ஆண்டிற் பரவிய கொரோனாக் கொள்ளைநோய் இதனை உலகிற்குக் கண்கூடாகக் காட்டிற்று.

இலண்டன் மாநகரில் எக்ஸெல் என்னும் பொருட்காட்சி மண்டபத்தைச் சில நாட்களுக்குள் மருத்துவமனையாக்கி, செவிலியர்க்கெல்லாம் முன்னோடியாய நைட்டிங்கேல் அம்மையார் பெயரையிட்டு, 2020 ஏப்பிரல் 3-இல் திறந்தனர். 4,000 கட்டில்கள் வரை இடலாம் என்பது திட்டம். ஆயின் நோயின் முதல் அலையில் ஆண்டுச் சிகிச்சை பெற்றோர் ஏறக்குறைய ஐம்பதின்மரே. பிற மருத்துவமனைகள் தம்மிடத்தைப் பெருக்கிக் கொண்டமை ஒரு காரணம். போதிய செவிலியர் கிடையாமை மற்றொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி ஒருவர்க்குச் செவிலி ஒருவர் என்பது அந்நாட்டு வழக்கு. ஈண்டோ அறுவர்க்கு ஒருவர் என வகுக்க நேர்ந்தது. கட்டிலைத் தச்சன் ஒரு பகலிற் செய்துவிடுவான். நம் நாட்டில் ஒரு செவிலியை ஆக்கப் பட்டயப் படிப்பாயின் மூன்றாண்டும், பட்டப் படிப்பாயின் நான்காண்டும் வேண்டும். கொள்ளைநோய் அத்துணைக் காலம் வாயிலிற் காத்து நிற்பதன்று.

ஆகவே அரசாங்கத்தார் குறுக்கு வழிகளை நாடினர். இங்கிலாந்தில் ஓய்வு பெற்றோரை மீள அழைத்தனர். இறுதியாண்டு மாணாக்கரையும் பணியில் ஏற்றனர். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகச் செவிலியரை ஆறு திங்கள் ஒப்பந்தத்தின்மேற் சேர்த்துப் பின் நீட்டித்தனர். அழைப்புக்குச் செவிசாய்த்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர் என்பதை மறத்தலாகாது. வந்தாரை நிறுத்திக் கோடலே அரிதாயிற்று.

2020 மே மாதத்திற் கல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளினின்றும் மணிப்பூர்ச் செவிலியர் நூற்றுக்கு மேற்பட்டார் பணி துறந்து தம் ஊர்க்கு மீண்டனர். நோய்க்கு அஞ்சினர் என்று கூறி இதனைத் தள்ளிவிடுதல் எளிது. அவர்தாம் சொன்ன காரணம் வேறு: காப்புடை போதவில்லை, தெருவிற் செல்லுங்கால் இழித்துப் பேசினர். அதற்கு முந்திய திங்களில் நம் சென்னையில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. நோயாளரிடமிருந்து நோய் தொற்றி இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் என்பாரின் உடலை அடக்கஞ் செய்யவொட்டாது ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் சென்றோர் காயமுற்றனர். உடன்பணி மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் அவரை அடக்கஞ் செய்தார். மார்ச்சு 22-ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு மருத்துவப் பணியாளர்க்கெனக் கைகொட்டிய நாடுதான் இது. இடையில் ஒரு திங்களும் நிரம்பவில்லை! மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டம் ஏப்பிரல் 22-இற் பிறந்தது. சட்டம் கல்லைத் தடுக்கும். வீட்டுக்காரர் முகஞ்சுளித்தலைத் தடுக்குமோ?

செவிலி என்னுஞ் சொல்லைச் சற்றே நோக்குக. அகப்பொருள் நூல்களில் தலைவியை வளர்த்த தாய்க்கு அது பெயர். அப்பெயரை இத்தொழிலினர்க்கு நாம் மனமுவந்து இட்டோம். பெயரளவில் தாயாக்கிய நாம் ஊதியத்தில் அவரை எங்ஙனம் நடத்தினோம் என்பது வேறு வினா. இங்கிலாந்தில் வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு வாயிலில் நின்று பத்து வாரம் கைகொட்டினர். மறு ஆண்டு மார்ச்சில் நூற்றுக்கு ஒன்று ஊதிய உயர்வு என்றனர்; பூசல் எழுந்தபின் மூன்று என்றனர். 1916-இல் நிறுவப்பெற்ற அரச செவிலியர் கல்லூரி என்னும் சங்கத்தினர் 2022 டிசம்பர் 15-இல், இங்கிலாந்தில் முதன்முறையாக, வேலைநிறுத்தஞ் செய்தனர்.

அதே திங்களின் இறுதி நாளில் தமிழ்நாட்டிற் கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தின்மேற் சேர்ந்த 2,000-க்கு மேற்பட்ட செவிலியரின் பணி முடிவுற்றது. நியமனத்தில் இடஒதுக்கீட்டு விதி பின்பற்றப்படவில்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழி மாற்றுப்பணி தருவதாகவும் அரசு உரைத்தது. விதி பிழைபடாமை வேண்டுவதே. எனினும் அப்பிழை செவிலியருடையதன்று. நோயாளி மூச்சுக்குத் தவித்த இரவுகளில் அவர்தம் ஆணைத்தாளில் எத்தனை திங்கள் எழுதப்பட்டிருந்தது என்று எவரும் கேட்டிலர். பணி நிலைப்பு வேண்டி அவர்கள் 2023 சனவரியிற் பல ஊர்களிற் கூடி அமர்ந்தனர். முன்னே காப்புடையணிந்து நின்றோர் அப்பொழுது கோரிக்கைத் தாளேந்தி நின்றனர்.