முருங்கைக்கீரைச் சூப்பு: செய்முறையும் அதன் எல்லையும்

கைத்தறி நெசவாளர் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிறார்கள். இழை அறாதிருக்கும் பொருட்டுக் கஞ்சியின் பதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் அம்மையார், தாம் மட்டும் ஒரு குவளைத் தேநீரோடு நண்பகல் வரை தார் சுற்றுகிறார். அவ்வீட்டுப் புழக்கடையிலோ முருங்கைமரம் தழைத்து நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இக்கீரையின் பெருமையை நான் சற்றுத் தாராளமாகவே பேசிவிட்டேன். பின்னர் அவ்வூருக்கு மீண்டும் சென்றபோது, கருவுற்றிருந்த அங்கத்தினர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டு, கீரைச் சூப்பை மட்டும் நம்பியிருந்தார் என்று அறிந்தேன். இரத்தம் மிகவும் குறைந்து அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. தாயும் சேயும் பிழைத்தனர். “இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாரே என்றுதான் நிறுத்தினோம்” என்று அவர் கணவர் என்னிடம் கூறினார். அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதுமில்லை. அன்று நான் சொல்லாமல் விட்டதைச் சேர்த்துச் சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில் செய்முறை. நால்வருக்கு 100 கிராம் இலை வேண்டும். அதாவது உருவிய இலை இரண்டு கைப்பிடி. கீரையைக் கொத்தாகவே நன்கு அலசிப் பின்னர் உருவுக. உருவிய இலையை நெடுநேரம் நீரில் ஊறவிட்டால் சத்து நீரோடு போய்விடும். பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டியை இலேசாக வறுத்து, ஐந்து குவளை நீரில் குழைய வேகவிடுக. அரிசி களைந்த இரண்டாம் நீரை இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சுவைக்கு அது நன்று. பருப்பு வெந்ததும் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், தக்காளி ஒன்று, சுரைக்காய்த் துண்டுகள் ஒரு கைப்பிடி, சிறிது மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து வேகவிடவேண்டும். காய்கள் வெந்த பிறகே கீரையைப் போடுக. ஐந்து நிமிடம் போதும். நம் பெண்கள் பலர் கீரையை நிறம் மாறிக் கறுக்கும் வரை கொதிக்கவிட்டுப் பின் நீரை வடித்துவிடுகிறார்கள். இதைவிட வீண்செலவு வேறில்லை. மிளகும் சீரகமும் வகைக்கு ஒரு தேக்கரண்டி பொடித்துப் போட்டு, உப்பிட்டு இறக்குக. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவேண்டும். எண்ணெய் வாசனைக்காக மட்டுமன்று. கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்தை உடல் ஏற்பதற்குச் சிறிது கொழுப்பு தேவை.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது பிழியலாகாது. குடிக்கும் சூட்டிற்கு ஆறியபின் அரைமூடி பிழிக. வைட்டமின் சி கொதியில் அழியும். கீரையின் இரும்பை உடல் கவர்ந்துகொள்ள உதவுவது அதுவே. சூப்பு குடித்த ஒரு மணி நேரத்துக்குத் தேநீரும் காப்பியும் வேண்டா. அவை இரும்பைத் தடுத்துவிடும். மழைக்காலத்தில் முள் நீக்கிய தூதுவளை இலை பத்தை நெய்யில் வதக்கிச் சேர்ப்போர் உளர். தொண்டைக்கு இதமாக இருக்கும்.

இனி எல்லை. முருங்கையிலை 100 கிராமில் புரதம் 6 கிராமுக்கு மேலும், கால்சியம் 300 மில்லிகிராமுக்குக் குறையாமலும் உண்டு. ஆனால் இரும்பு 5 மில்லிகிராமுக்கும் குறைவே. மேற்கண்ட அளவில் ஒருவர் பங்குக்கு வருவது ஏறக்குறைய 1 மில்லிகிராம். கருவுற்ற தாய்மார்க்கு வழங்கப்படும் ஒரு மாத்திரையிலோ 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வரவு செலவு பார்க்கத் தெரிந்த அங்கத்தினர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்குமேல் இரத்தசோகை உடையவர்கள். நன்றாக இருப்பவர் நன்றாகவே இருக்கச் சூப்பு உதவும். குறைந்துவிட்ட இரத்தத்தை மீட்க மாத்திரை வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

மாத்திரை உண்டால் மலம் கறுக்கும். அதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோர் பலர், அஞ்சவேண்டுவதில்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாமா என்று செவிலியரைக் கேட்டறிக. கால்சியம் மாத்திரையை அதே வேளையில் உண்ணலாகாது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் கீரைச்சாறு குடிப்பதும் தகாது. முருங்கைப் பட்டையையும் வேரையும் காய்ச்சிக் குடிக்கும் பழக்கத்தை நான் இங்குப் பரிந்துரைக்கவில்லை. கருவுற்றோர் அதனை அறவே தவிர்க்கவேண்டும்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. காய்க்காக வளர்க்கும் மரங்களுக்குக் கம்பளிப்புழு முதலியவற்றின் பொருட்டு மருந்து தெளிக்கிறோம். அம்மரத்து இலையை மறுநாளே பறித்து வீட்டுக்கோ சந்தைக்கோ அனுப்புதல் கூடாது. மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியவேண்டும். வரப்போரத்தில் கீரைக்கென்றே இரண்டு மரங்களை மருந்து படாமல் ஒதுக்கி வைத்து, இடுப்பளவில் கவாத்து செய்துவந்தால், ஏணியில்லாமலே ஆண்டு முழுவதும் தளிர் கிடைக்கும்.