விபத்தும் விசாரணையும்

"கவனக்குறைவு" என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு ஓராண்டாக நான் வருந்தி வருகிறேன். அவ்வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கோலார் தங்கவயலைச் சேர்ந்த கோரமண்டல் என் ஊர். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. 1880 இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய தங்க அகழ்வு 2001 பிப்ரவரி 28 இல் நின்றது; நான் பிறந்தது அதற்கு மறு ஆண்டு. ஆகவே சுரங்கத்தை நான் அறிந்தது தாத்தாவின் வாய்மொழியாலும் நிலவியல் பாடத்தாலுமே.

பாறை ஏன் வெடிக்கிறது?

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அங்கே மேலுள்ள பாறையின் எடை, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோகிராம். தாதுவை வெட்டி எடுத்ததும் அது தாங்கிய சுமை பக்கத்துப் பாறையின்மேல் ஏறுகிறது. இடையே விட்டுவைத்த தூண் இருபுறச் சுமையையும் ஏற்கிறது. மென்மையான பாறையாயின் மெல்ல நசுங்கும். கடும் பாறையோ வளைத்த வில்லைப்போல் விசையைச் சேர்த்துவைத்து, ஒரு நொடியில் சிதறும். இதனைத் தங்கவயலார் "ஏர் பிளாஸ்ட்" என்றனர். பாறைவெடிப்பு என்று நாம் சொல்லலாம். இதனை ஆராய வேண்டிய தேவை மிகுந்த அவ்வூரிலேயே 1988 இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தோன்றியது.

பொறுப்பு யாருடையது?

கடப்பாரையால் கூரையைத் தட்டி ஓசை பார்ப்பதும், தளர்ந்த கல்லைத் தள்ளிவிடுவதும், ஐயம் தோன்றினால் மேலாளுக்குச் சொல்வதும் தொழிலாளியின் ஒழுங்கு. ஆனால் எந்த வரிசையில் வெட்டுவது, எங்கே தூண் விடுவது, வெட்டிய வெற்றிடத்தைக் கருங்கற் சுவராலோ கான்கிரீட்டாலோ எப்போது நிரப்புவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் திட்டம் வரைபவரே. கடப்பாரை பிடித்தவன் எவ்வளவு கவனமாக இருப்பினும் தவறான வரைபடத்தைத் திருத்த இயலாது.

இதனை உணர்ந்தே 1952 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சில கடமைகளை விதித்தது. விபத்து நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டியிருந்தது. அவ்வறிவிப்பைத் தொழிற்சங்கத்தார் காணுமாறு பதினான்கு நாளேனும் பலகையில் ஒட்டிவைக்க வேண்டியிருந்தது. உயிர்ச்சேதம் எனில் இரண்டு மாதத்துக்குள் அதிகாரிகள் விசாரிக்க வேண்டியிருந்தது. பெரிய விபத்துகளுக்குத் தனி விசாரணை மன்றம் அமைக்கவும் இடமிருந்தது. மீட்புப் பணிக்கு இன்றியமையாத அளவுக்கு மேல் விபத்து நடந்த இடத்தைக் கலைக்கலாகாது என்பதும் அதன் விதியாக இருந்தது. சிதறிக் கிடக்கும் கல்லும் ஒரு சாட்சியன்றோ!

தாத்தா சொன்னது

சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் பொறுப்பாக இருந்தபோது, இளைய மாணவர் ஒருவரின் கை அமிலத்தால் வெந்தது. குறிப்பேட்டில் "மாணவரின் கவனக்குறைவு" என்று எழுதினேன். புட்டியில் பெயர்ச்சீட்டு இல்லை. அது இல்லாததை முதல்நாளே பார்த்தவன் நான். அதை எழுதவில்லை.

விடுமுறையில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர் பிறகு சொன்னார்: "கண்ணு, கல்லு விழறதுக்கு முன்னாடி உள்ளே படபடன்னு சத்தம் கேட்டுது. எனக்கும் கேட்டுது. விசாரணையிலே என்னை யாரும் கேக்கலை. நானும் போய்ச் சொல்லலை. செத்தவன் பேருலேயே தப்பை எழுதிட்டாங்க. அவன் பொண்டாட்டியைப் பாக்குறப்பெல்லாம் எனக்குத் தலை நிமிராது."

ஊர் திரும்பியதும் பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லிக் குறிப்பைத் திருத்தினேன். அந்த மாணவரிடம் மன்னிப்பும் கேட்டேன். இன்று ஒவ்வொரு புட்டியிலும் பெயர்ச்சீட்டு இருக்கிறது. "கவனக்குறைவு" என்று எழுதி மூடியிருந்தால் அது நடந்திராது.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நாளை ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பொறுப்பேற்போம். விபத்து நேர்ந்தால் "யார் செய்தார்?" என்ற கேள்வியோடு நில்லாது, "ஏன் நேர்ந்தது? அதைத் தடுக்கக்கூடியவர் யார் யார்?" என்றும் கேட்போம். அப்பட்டியலில் நம் பெயர் இருப்பின் அதையே முதலில் எழுதுவோம்.