ஆங்கிலம் பழகுவோம்: மழையைச் சொல்வது எப்படி?



2021 நவம்பர் மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பாலாறு கரையைத் தொட்டு ஓடியது. அந்த வாரம் எங்கள் குழு வெளிமாநிலக் கடை ஒன்றுக்கு 100 தோல் பர்ஸ் அனுப்ப வேண்டும். ஈரக்காத்துல ஒட்டின பசை காயலை, தைச்சு வச்சதுலயும் பூஞ்சை பிடிச்சிடுச்சு. தாமதத்துக்குக் காரணம் சொல்லி செல்போனில் ஆங்கிலத்தில் எழுதியது நான்தான். "யெஸ்டர்டே ஆம்பூர் ஹார்ட்லி ரெயின்ட்."

நேத்து ஆம்பூர்ல பலமா மழை என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. கடைக்காரர் புரிந்துகொண்டதோ, நேத்து மழையே இல்லை என்று! அப்புறம் ஏன் சரக்கு வரலை என்று கேட்டார். குழுவில் ஒரு அக்காவின் மகள் போனில் பேசி விளக்கும்வரை நாங்கள் பொய் சொல்வதாகத்தான் நினைத்திருக்கிறார். அடுத்த ஆர்டர் 50 பர்ஸ்தான் வந்தது.

"ஹார்ட்" என்றால் பலமாக. "ஹார்ட்லி" என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. "ஸ்லோ", "ஸ்லோலி" மாதிரி இதுக்கும் "லி" சேர்த்தால் போதும் என்று நினைத்தது என் தப்பு. குழப்பம் வேண்டாமென்றால் மழைக்கு "ஹெவிலி" என்றே எழுதுங்கள்.

இன்னொரு தப்பும் அதில் உண்டு. ஆம்பூரா பெய்யும்? தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், பனி கொட்டும். ஆங்கிலத்தில் இவை எல்லாத்துக்கும் முன்னால் "இட்" என்று ஒரு சொல் வரும். அதுக்குத் தனி அர்த்தம் கிடையாது, இடத்தைப் பிடிச்சு வைக்கிற துண்டு மாதிரி. "இட் இஸ் ரெயினிங்" (மழை பெய்யுது), "இட் இஸ் சன்னி" (வெயில் அடிக்குது), "இட் இஸ் ஹ்யூமிட்" (புழுக்கமா இருக்கு).

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நாம் எப்படிச் சொல்கிறோம்? நேத்து, ஆம்பூர்ல, பலமா, மழை பெய்ஞ்சுது. எப்போ, எங்கே, எப்படி, கடைசியில் என்ன நடந்தது. இதை அப்படியே பின்னாலிருந்து படியுங்கள். "இட் ரெயின்ட் ஹெவிலி இன் ஆம்பூர் யெஸ்டர்டே." என்ன நடந்தது, எப்படி, எங்கே, எப்போ. செருப்பைத் தலைகீழாகத் திருப்பின மாதிரிதான், வேற ஒண்ணுமில்லை. "யெஸ்டர்டே" மட்டும் வேண்டுமானால் முன்னால் வரலாம், "யெஸ்டர்டே இட் ரெயின்ட் ஹெவிலி இன் ஆம்பூர்" என்பதும் சரிதான்.

ஊர், தேதி எழுதும்போதும் இதே தலைகீழ்தான். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடி என்று நாம் பெரியதிலிருந்து சின்னதுக்குப் போகிறோம். ஆங்கிலத்தில் வாணியம்பாடி முதலில், மாவட்டம் பிறகு. அந்த ஊரில் 1903 நவம்பர் 12 வெள்ளத்தில் இறந்தவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதானால் "த பாலார் ஃப்ளட்டெட் வாணியம்பாடி ஆன் 12 நவம்பர் 1903" என்று நாள், மாதம், ஆண்டு என எழுதலாம்.

அடிக்கடி, எப்பவும் என்கிற சொற்கள் மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது. அவை வினைக்கு முன்னால் போய் உட்காரும். "இட் ஆஃபன் ரெயின்ஸ் இன் நவம்பர்" என்றால் நவம்பரில் அடிக்கடி மழை பெய்யும். வாக்கியத்தில் "இஸ்" இருந்தால் அதுக்குப் பின்னால் வரும். "இட் இஸ் ஆல்வேஸ் ஹாட் இன் மே." கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தையல் மெஷினில் உட்கார்ந்த நமக்கு இந்த வாக்கியம் மறக்கவே மறக்காது.

"டுடே கிளைமேட் சூப்பர்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். கிளைமேட் என்பது ஒரு ஊருக்குப் பல வருஷமாக இருக்கிற தட்பவெப்பம். இன்னைக்கு இருப்பது "வெதர்".

அடுத்த குழுக் கூட்டத்துக்கு இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்:

போன திங்கட்கிழமை காலையில் பேரணாம்பட்டில் லேசாக மழை பெய்தது.

ராணிப்பேட்டையில் மே மாதம் எப்பவும் புழுக்கமாக இருக்கும்.