நாக்கு திடீரென வீங்கினால்…

நாக்கு வீக்கத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சூடாக எதையோ குடித்திருப்பார், வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நாக்கின் அடிப்பகுதி தொண்டைக்குள் இருக்கிறது. அது வீங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். சிலருக்கு அதற்குச் சில நிமிடங்களே போதும். எனவே காரணத்தை ஆராய்வது பிறகு. மருத்துவமனைக்குப் புறப்படுவதே முதல் வேலை.

ஒவ்வாமை

வேர்க்கடலை, முந்திரி, இறால், நண்டு, முட்டை, பால் போன்ற உணவுகளும், பென்சிலின் வகை மருந்துகளும், வலி மாத்திரைகளும், தேனீ, குளவிக் கடியும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். பெரும்பாலும் தோலில் அரிப்பு, தடிப்பு, வாந்தி, இளைப்பு, மயக்கம் ஆகியவையும் சேர்ந்து வரும். இதற்கு உயிர் காக்கும் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. வீக்கம் வடிந்த சில மணி நேரத்தில் மீண்டும் வரக்கூடும். அதனால் மருத்துவர் அனுப்பும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரை

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் வகை மாத்திரைகளால் மிகச் சிலருக்கு உதடு, நாக்கு, முகம் வீங்கும். இதில் அரிப்போ தடிப்போ இருக்காது. ‘பல வருடமாகச் சாப்பிடும் மாத்திரைதானே’ என்று நினைக்கக் கூடாது. வருடங்கள் கழித்தும் இது வரலாம். வீக்கம் ஓரிரு நாளில் தானாக வடிந்ததும் அதே மாத்திரையைத் தொடர்வதுதான் ஆபத்து. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். வீக்கம் வந்தவர் இந்த வகை மாத்திரையை மறுபடியும் தொடக் கூடாது. மருத்துவர் வேறு மாத்திரை தருவார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பிற காரணங்கள்

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து நாக்கின் அடிவரை பரவினால், காய்ச்சலுடன் நாக்கு மேலே தள்ளப்படும், எச்சில் வடியும், தாடைக்குக் கீழே கெட்டியாக வீங்கும். இதுவும் அவசரமே. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் இந்த வீக்கம் வரும். அடிக்கடி கடும் வயிற்று வலியும் இருக்கும். இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம்.

உடனே செய்ய வேண்டியவை

- 108-ஐ அழையுங்கள். குரல் மாறுதல், விழுங்க முடியாமை, எச்சில் வடிதல், மூச்சில் சத்தம் ஆகியவை தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.
- மூச்சுத் திணறுபவரை உட்கார வையுங்கள். மல்லாந்து படுக்க வைக்காதீர்கள்.
- தண்ணீர், கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.
- அவரைத் தனியாக வண்டி ஓட்டிச் செல்ல விடாதீர்கள்.
- அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

குணமான பின், எந்த மருந்து அல்லது உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் காட்ட வேண்டும்.

நம் வாப்பாவோ உம்மாவோ சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் பெயரை இன்றே பார்த்து வைப்போம். ‘எப்போதாவது உதடு, நாக்கு வீங்கியதா?’ என்று கேட்போம். ‘ஆமாம், தானாகச் சரியாகிவிட்டது’ என்று சொன்னால், அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசுவோம்.