ஜிபிஎஸ் டிராக்கரை நாமே மாட்டலாம்!

வண்டிக்கு டிராக்கர் வாங்கியாச்சா? மாட்டும் கூலியை மிச்சம் பிடிக்க இதோ சில குறிப்புகள்.

1. சிம்மைப் போட்டு, ரீசார்ஜ் செய்து, ஆப்பில் பதிந்த பிறகே கருவியை மாட்டுங்கள். ஐஎம்இஐ எண்ணையும் செல்லில் படம் பிடித்து வைத்தால், பிறகு எண்ணைத் தேடி எதையும் கழற்ற வேண்டாம்.

2. ஜிபிஎஸ் அலை சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வருகிறது, பிளாஸ்டிக்கைக் கடக்கும், தகரத்தைக் கடக்காது. அதனால் காரில் முன்கண்ணாடியை ஒட்டி, டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில், ஆன்டெனா பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள்.

3. வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். முடித்ததும் அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

4. வண்டியின் ஒயரை வெட்டி ஒட்டாமல், ஃப்யூஸ் பெட்டியில் செருகும் ஃப்யூஸ் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போது உருவி எடுத்து அடுத்த வண்டியில் போட்டுக்கொள்ளலாம்.

5. எந்த ஒயர் எதற்கு என்பதைக் கருவியோடு வரும் தாளில் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றுமுன்பே டெஸ்டர் வைத்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை அணைத்தாலும் டெஸ்டர் எரியும் இடத்தில் பவர் ஒயரையும், சாவி போட்டால் மட்டும் எரியும் இடத்தில் இக்னிஷன் ஒயரையும் கொடுங்கள்.

6. எர்த் ஒயரை பாடி போல்ட்டில் முறுக்குமுன் அந்த இடத்துப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். எர்த் சரியில்லாததால் கருவி அணைந்து அணைந்து எரியும் தொல்லை இருக்காது.

7. இருபக்க டேப் ஒட்டும் இடத்தை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மேலே ஒரு கேபிள் டையும் போட்டால் கருவி ஆடாது. ஆடினால் வீணாக அதிர்வு எச்சரிக்கை வரும்.

8. பைக்கில் சீட்டுக்கு அடியில், சைலன்சர் சூடு படாத இடமே நல்லது. ஒயர் கருவிக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

9. எல்லாவற்றையும் மூடுமுன் வண்டியை வெட்டவெளியில் சில நிமிடம் நிறுத்திச் சோதியுங்கள். போர்ட்டிகோவுக்குள் சோதித்துவிட்டுக் கருவி பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம்.

காரில் மஞ்சள் உறை சுற்றிய ஒயர் கண்ணில் பட்டால், அது ஏர்பேக் ஒயராக இருக்கலாம். அதில் மட்டும் கை வைக்காதீர்கள், தோழிகளே. அந்த இடத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் உண்மையான சிக்கனம்!