தாளில் அடங்காத தேர்ச்சி

நுழையும்முன்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு மதிப்பெண் பட்டியலில் ஆறு பாடங்கள். மொத்தம் 600 மதிப்பெண்கள். பிறரோடு பழகும் பண்புக்கு அதில் இடமில்லை. எனினும், பள்ளியில் நாம் கற்பவற்றுள் நட்பும் ஒன்று. இவ்விரு தேர்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்குகிறது இக்கட்டுரை.

தேர்வு அளப்பது எதனை?

ஒருவர் தாம் கற்றதை, பிறர் உதவியின்றி, மூன்று மணி நேரத்தில் எவ்வளவு வெளிப்படுத்துகிறார் என்பதைத் தேர்வு அளக்கிறது. இவ்வளவையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு மதிப்பெண்ணே வாயில் திறக்கும் திறவுகோல். ஆனால், தேர்வறையில் தனித்திருத்தல் விதி. வாழ்க்கையில் சேர்ந்திருத்தல் இயல்பு. மருத்துவர் நோயாளியின் நம்பிக்கையைப் பெற்ற பின்னரே அவர் கற்ற மருத்துவம் முழுப்பயன் தருகிறது.

வள்ளுவர் வகுத்த நெறி

திருக்குறளின் பொருட்பாலில் கல்வி முதல் அறிவுடைமை வரை நான்கு அதிகாரங்கள் (40–43) கற்றலையும் அறிவையும் பேசுகின்றன. நட்பு முதல் கூடாநட்பு வரை ஐந்து அதிகாரங்கள் (79–83) நட்பைப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று நட்பாராய்தல். நண்பரின் எண்ணிக்கையைப் பெருக்குவது நட்பில் தேர்ச்சியாகாது. தக்காரைத் தேர்ந்து இறுதிவரை பேணுவதே தேர்ச்சி என்பது இவ்வதிகாரங்களால் விளங்கும்.

கணிதமேதையும் நண்பர்களும்

கணிதத்திலேயே மூழ்கிய சீனிவாச இராமானுஜன் பிற பாடங்களில் தேறவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் வெற்றி கிட்டவில்லை. பட்டமில்லாத அவரை அன்பர்களே தாங்கினர். இராமச்சந்திர ராவ் தம் பொருளிலிருந்து மாதந்தோறும் உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, அங்கு உயர்பொறுப்பில் இருந்த நாராயண ஐயர் அவரோடு அமர்ந்து கணிதம் ஆராய்ந்தார். 1913இல் இராமானுஜன் எழுதிய மடல் கேம்பிரிட்ஜில் ஹார்டியை அடைந்தது. 1918இல் இராயல் கழக உறுப்பினர் என்னும் பெருமை வந்தது. மேதைமை அவருடையது, அது உலகை அடையப் பாலமானது பிறர் காட்டிய அன்பு.

நீண்டதோர் ஆய்வு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய ஆய்வு, 268 மாணவர்களின் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. பாஸ்டன் நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களின் வாழ்வும் பின்னர் இதனோடு இணைக்கப்பட்டது. நல்லுறவுகள் உடையோர் முதுமையில் உடல்நலமும் மனநிறைவும் மிக்கவராக விளங்கினர் என்பது இவ்வாய்வு காட்டிய முதன்மையான முடிவு.

நம் வகுப்பறையில்

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. அரசு விட்ட தரவரிசையை நாம் மனத்தில் சுமந்து திரியலாமா? விடுப்பில் இருந்த தோழிக்குக் குறிப்பேட்டைத் தர மறுப்பவர், தம் மதிப்பெண் குறையாமல் காத்ததாக எண்ணலாம். இழந்தது எது என்பதைப் பட்டியல் காட்டாது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வெற்றி பெற்றோர் வீட்டில் கூட்டம் கூடும். தேறாத தோழரின் வீட்டுக் கதவை அன்று தட்டுபவர் யார்? அவரே இரண்டு தேர்வுகளிலும் தேறியவர்.

கற்பவை கற்றபின்

உங்கள் கல்விக்குத் துணைநின்ற நண்பர் ஒருவருக்கு நன்றி கூறிக் கடிதம் எழுதி, அதனை அவரிடமே அளிக்க.