பாட்டன் ஊரைத் தேடி வரும் பிள்ளைகளுக்கு

கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தி. நகருக்கு வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் புடவைக்கும் நகைக்கும் வருகிறவர்கள். ஒருசிலர் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "ஐயா, எங்க தாத்தா ஊரு எதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?" நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெரிந்தவர்கள் அவர்களை என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நடேசன் பூங்காவில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் உங்கள் குடும்பத்தின் மிக மூத்த பெண்மணியிடம் போய் உட்காருங்கள். "தாத்தா ஊர் எது?" என்று கேட்காதீர்கள். "தஞ்சாவூர்ப் பக்கம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பிள்ளைக்கு முதல் மொட்டை எங்கே போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்? பொங்கலுக்கு எந்தச் சாமி பெயரைச் சொல்லிப் படைப்பார்கள்? தாத்தா எந்தச் சந்தைக்குப் போனதாகக் கதை சொல்வார், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினாராம்? இப்படிக் கேளுங்கள். பதிலை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை அதே கேள்விக்கு வேறு பதில் வரும். அதையும் பதிவு செய்யுங்கள்.

2. காகிதங்களைத் திரட்டுங்கள். அப்பாவின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்று), தாத்தாவின் அடையாளக் கார்டு, பழைய பாஸ்போர்ட், எஸ்டேட் மரணச் சான்று என்று எது கிடைத்தாலும் சரி. பெயர்களை எழுத்துக்கூட்டிப் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதுதான் உங்கள் குடும்பப் பெயர். வயதும் குத்துமதிப்பு.

டர்பன்காரர்களுக்கு உள்ள வசதி உங்களுக்கு இல்லை. 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பலருடைய புகைப்படமே உண்டு. மலாயாவுக்குக் கங்காணி கூட்டிப்போனவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கையில் கிடைப்பது அரிது.

ஆனால் கங்காணி முறையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. கங்காணி முன்பின் தெரியாதவர்களைச் சேர்க்கவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, தன் உறவிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் பிடித்தான். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இதுதான் நடந்தது. ஆகவே தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அதே லயத்தில் இருந்த மற்றக் குடும்பங்களில் யாருக்காவது ஊர் தெரிந்திருந்தால், உங்கள் ஊர் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

3. மாவட்டப் பெயரை நம்பிக் கார் ஏறாதீர்கள். தாத்தா சொன்ன தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. திருச்சி ஜில்லாவிலிருந்து கரூரும் பெரம்பலூரும் போயின. அரியலூர் பிரிந்து, சேர்ந்து, மறுபடியும் பிரிந்தது. ராமநாதபுரம் 1985இல் மூன்றானது. வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற பெயரில் இன்று மாவட்டமே கிடையாது. தாலுகாவின் பெயரையும் பக்கத்துச் சந்தை ஊரின் பெயரையும் பிடியுங்கள். அவை அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை.

4. குலதெய்வம்தான் சரியான விலாசம். இதை நான் பக்தியால் சொல்லவில்லை. ரிக்கார்டு பார்த்தே காலம் தள்ளியவன் சொல்கிறேன்: பட்டா கைமாறும், வீடு இடியும், தெருப் பெயரை மாற்றுவார்கள், அய்யனார் கோயில் பங்காளிகளின் கணக்கு மட்டும் அறுபடாது. யார் வரி கொடுத்தார்கள், யார் வீட்டில் எந்த மகன் கடலுக்கு அப்பால் போனான் என்பது பூசாரி குடும்பத்துக்கோ கோயில் நாட்டாண்மைக்கோ வாய்ப்பாடமாக இருக்கும்.

வெறுமனே "முனீஸ்வரன்" என்று பாட்டி சொன்னால் பயனில்லை. தமிழ்நாடு முழுக்க அவர்தான். எந்த ஊர் முனி, பக்கத்தில் ஆறா ஏரியா, கூட இருக்கும் பெண் தெய்வத்தின் பெயர் என்ன, கிடா வெட்டா பொங்கலா என்று கேளுங்கள். வருகிற நாளையும் பார்த்து வாருங்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கம் மாசி சிவராத்திரிக்கும், நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்துக்கும் பங்காளிகள் எல்லோரும் குலதெய்வக் கோயிலில் கூடுவார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போனவர்கள்கூட அன்றைக்கு அங்கே இருப்பார்கள். ஒரு மாதம் அலைந்து பார்க்க வேண்டிய முகங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வேலை இன்னும் சுலபம்: பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள்.

5. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் எழும்பூர். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அங்கேதான். அனுமதி வாங்கித்தான் பார்க்க முடியும். தாத்தாவின் பெயர் அங்கே அகப்படும் என்ற எண்ணம் வேண்டாம். அவரை ஊரைவிட்டுத் துரத்திய பஞ்சமும் வரியும் அங்கே கோப்புகளில் இருக்கின்றன. அது போதும் என்றால் போங்கள். பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகத்தில் பழைய ஜில்லா கெஜட்டியர்கள் கிடைக்கும்.

அதே சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் அங்கேயே இறந்த பெண் அவர். தில்லையாடி அவருடைய பெற்றோரின் ஊர். மறு வருஷம் காந்தி அந்த ஊருக்கே போய்வந்தார். பிறக்காத ஊரின் பெயரோடுதான் இன்றும் அவரை அழைக்கிறோம். உங்கள் தாத்தாவுக்கு நேர்ந்திருப்பது இதற்குத் தலைகீழ். ஊரில் அவர் பெயர் மறந்துபோயிருக்கும், "பினாங்குக்காரர் வீடு" என்றால் கை காட்டுவார்கள். அதனால் டீக்கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கு முன் "இந்த ஊரில் மலாயாக்காரர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள்.

6. ஊருக்குள் நுழைந்ததும் உங்களைப் பார்க்கிறவர்கள் மனத்தில் எழும் முதல் சந்தேகம் நிலம். தாத்தாவின் பங்கைத் தம்பி மக்கள் மூன்று தலைமுறையாக உழுதிருப்பார்கள். திடீரென்று வெளிநாட்டுப் பேரன் வந்து நின்றால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? முதல் பத்து நிமிஷத்துக்குள் "சொத்துக்கு வரவில்லை, ஊரைப் பார்க்க வந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வக்கீலைக் கூட்டிப் போகாதீர்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்ற சொற்களே உங்கள் வாயில் வரக்கூடாது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கூட இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள். முகங்கள் இளகுவதைப் பார்ப்பீர்கள்.

7. என்ன சாதி என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம், கோபப்பட்டுப் பயனில்லை. எங்கள் ஊர்கள் தெருத் தெருவாகப் பிரிந்து கிடக்கின்றன. ஊர்த்தெருவில் "அப்படி யாரும் இல்லை" என்றால் தலித் மக்கள் இருக்கும் காலனிக்கும் போய்க் கேளுங்கள். கப்பலேறியவர்களில் பலர் அந்தச் சாதிக் கோட்டைத் தாண்டத்தான் ஏறினார்கள். தாத்தா ஊர்ப் பெயரைச் சொல்லாமலே செத்துப்போனார் என்றால் அதற்கு அவரிடம் காரணம் இருந்திருக்கும். அதைக் கிண்டித்தான் ஆக வேண்டுமா என்று வீட்டாரிடம் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

8. இதைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். தாத்தாவுக்கு இங்கே ஒரு மனைவி இருந்திருக்கலாம். இரண்டு வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர்கள் நிறையப் பேர். சிலர் அங்கே இன்னொரு குடும்பம் கண்டார்கள். சிலரிடமிருந்து 1942க்குப் பிறகு கடிதமும் மணியார்டரும் நின்றுபோயின. ஜப்பான்காரன் வந்த பிறகு தபால் இல்லை, கப்பல் இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களின் சேதியும் இல்லை. இங்கே இருந்தவர்கள் சில வருஷம் பார்த்துவிட்டுக் காரியம் பண்ணி முடித்திருப்பார்கள். அவர் தோட்டத்தில் உயிரோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார் என்பதை நிரூபிக்கும் புகைப்படத்தோடு நீங்கள் வருகிறீர்கள். அந்தப் படத்தை எடுத்தவுடன் நீட்டாதீர்கள். முதலில் அவர்கள் கதையைக் கேளுங்கள். அந்தப் பெண் எப்படிப் பிழைத்தாள், பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு அது வேர் தேடல். அவர்களுக்குப் பழைய காயம். யாராவது கடுமையாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், தாத்தாவுக்காக வாதாடாதீர்கள்.

9. முதல் தடவை யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டாம். பழம், பூ, பெரியவர்களுக்கு வேட்டி புடவை போதும். கொடுத்தே தீர வேண்டும் என்றால் கோயில் அன்னதானத்துக்கு ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வம்சாவளியை எழுதி ஒரு நகலைப் படித்த பிள்ளை ஒருவரிடம் விட்டுவிட்டு, வாட்ஸ்அப் எண் வாங்கி வாருங்கள். விட்டுப்போன பெயர்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேரும்.

10. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கே நேராக விமானம் இருக்கிறது. டெல்டாப் பக்கத்து ஊர் என்றால் அங்கே இறங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வராதீர்கள். பனகல் பார்க் கடைகளைக் கடைசி இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாருக்கு என்ன வாங்கி அனுப்ப வேண்டும் என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.